எட்டாவது அறையில் புலி

எட்டாவது அறையில்தான் புலி இருக்கிறதாம். டிக்கெட் கிழித்துக் கொடுத்த பெரியவர் சொன்னார், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள், நடுவில் திரும்பி வர வழி கிடையாது, கடைசியில் புலியைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய்விடலாம் என்று. அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கிழிக்கப் போய்விட்டார், எனக்குத்தான் கால் வாசல்படியிலேயே நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றியாயிற்று. சிவப்புத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுகிறது, வெளியே அத்தனை வெயில் அடிக்கும்போது இந்தத் தரைக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு குளிர்ச்சி, காசு இருக்கிறவன் வீட்டில் வெயிலும் அடங்கித்தான் அடிக்கும் போலிருக்கிறது. ஆவரங்குளம் அரண்மனையைக் காட்சி வீடாகத் திறந்து எட்டு வருசம் ஆகிறது. தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். அதற்கு முன்னால் பங்காளிகள் வழக்குப் போட்டுப் பூட்டிக் கிடந்ததால் பிழைத்தேன், திறந்த பிறகு எட்டு வருசமும் ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தப்பித்தேன். முட்டி வலி என்றேன், சஷ்டி விரதம் என்றேன், ஒரு தடவை தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தவறிவிட்டார் என்றேன், பாவம், அவர் நிஜமாகத் தவறியது அதற்கடுத்த வருசம். இந்தத் தடவை ஒன்றும் பலிக்கவில்லை. கேட்டது புது மாப்பிள்ளை. புது மாப்பிள்ளை ஒன்றைக் கேட்டு முடியாது என்று சொல்லும் மாமியார் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்தில்தான் வந்தது வினை. கல்யாணம் முடிந்து மூன்று வாரம், கயல்விழியும் மாப்பிள்ளை நந்தகோபாலும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். இலையில் நான் அவியல் வைத்துக்கொண்டிருக்கிறேன், கயல் தன் ஆபீஸ் பெருமையைச் சொல்கிறாள், மேனேஜர் அவளைக் கேட்காமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டாராம். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "இது சுத்தப் புலிக்கண்ணு" என்றார். மதினி சிரித்தாள், கயலும் சிரித்தாள். மாப்பிள்ளை கையில் அப்பளத்தோடு, "புலிக்கண்ணுன்னா என்னங்க மாமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பொய்க்கு அதுதான் பெயர். முப்பத்தொன்பது வருசமாக அதுதான் பெயர். பால்காரர் தண்ணீரே கலக்கவில்லை என்று சத்தியம் செய்தால் புலிக்கண்ணு, பஸ் பஞ்சராகிவிட்டது என்று வேலைக்காரி லேட்டாக வந்தால் புலிக்கண்ணு, டிவியில் எந்தக் கட்சிக்காரர் பேசினாலும் புலிக்கண்ணு. கயலுக்கு நாலு வயதிலேயே நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது, "அம்மா, நெசமாவே வயிறு வலிக்கு, புலிக்கண்ணு இல்ல" என்பாள், அது யாருடைய பொய் என்று பிள்ளைக்குத் தெரியாது, நானும் சிரித்துக்கொண்டே ஓமத் தண்ணீர் கலக்குவேன். அந்தப் புலிக்கண்ணு என் அப்பாவுடையது. அன்றைக்கு இலைக்கு முன்னால் அதை மாப்பிள்ளைக்கு முழுதாக விளக்கினார்கள், என் வீட்டுக்காரர் பாதி, மதினி பாதி, நடுநடுவே சிரிப்பு, நான் ரசம் எடுத்துவர அடுக்களைக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தால் மாப்பிள்ளை சிரிக்காமல் என்னைப் பார்த்து, "ஏனுங்க அத்தை, பக்கத்துலதான இருக்குது, ஒருக்கா போய்ப் பாத்துட்டா முடிஞ்சுதுங்களே?" என்கிறார். நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்கள்தான் மனிதரை இப்படி மாட்டிவிடுகிறார்கள்.

முதல் அறையில் பல்லக்கு. சுகிர்தா என்று பெயர் குத்திய நீலச்சேலைப் பெண் முன்னால் போய் விளக்குகிறாள், முப்பது வயதிருக்கும், மனப்பாடம் செய்த செந்தமிழ், "இப்பல்லக்கைச் சுமக்கப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டனர்." என் வீட்டுக்காரர் பல்லக்கின் கம்பைப் பார்வையாலேயே அளக்கிறார். ரிட்டையர்டு சர்வேயர். சங்கரலிங்கம் சர்வேயர் அளந்தால் எல்லைக் கல்லு மாறாது என்று தாலுகா ஆபீஸில் பேர். சட்டைப்பையில் இன்றைக்கும் சின்ன டேப் ஒன்று கிடக்கிறது, கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேடை எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் மொய் எழுதுவார். அந்த டேப்தான் என் அப்பாவைப் பொய்யராக்கியது. அப்பாவுக்கு சோடாக் கம்பெனி, உலகம்மன் சோடா, அம்மன் பேரைக் கம்பெனிக்கு வைத்துவிட்டு அப்புறம் எனக்கும் அதையே வைத்துவிட்டார், கம்பெனி மூத்தது, நான் இளையது. உலகம்மாள் என்று யாராவது கூப்பிட்டால் சின்ன வயதில் எனக்குப் பன்னீர் வாசம் அடிக்கும். கடை முழுக்கக் கோலி சோடா, மெஷினைச் சுற்றினால் கூண்டுக்குள் பாட்டில்கள் தலைகீழாகப் போகும், கேஸ் ஏறும், குண்டு மேலே ஏறி ரப்பர் வளையத்தில் போய் உட்காரும், சில பாட்டில் வெடிக்கும். சாயங்கால வெயில் அடுக்கி வைத்த பாட்டில்கள் வழியாகச் சுவரில் விழுந்தால் சுவர் பச்சை, தரை பச்சை, அப்பா முகம் பச்சை. அந்தப் பச்சைக்குள் உட்கார்ந்துதான் அவர் புலிக் கதை சொல்வார்.

ஐம்பத்தெட்டில் ஆவரங்குளத்து ராஜா மலையில் புலி சுட்டாராம். ஜமீன் போய் ஏழெட்டு வருசமாகியும் வேட்டை போகவில்லை, ராஜா என்ற பேரும் போகவில்லை. பாடம் செய்ய மலையாளத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். புலிக்குக் கண்ணாடிக் கண் மெட்ராஸிலிருந்து பார்சலில் வந்தது, பிரித்துப் பார்த்தால் பொடிப் பொடி. நாலே நாளில் கலெக்டர் வருகிறார், புலியைப் பார்க்க. அரண்மனைக் காரியஸ்தர் ஜீப்பில் வந்து எங்கள் கடை முன்னால் இறங்கினார். "ஆவுடையப்பா, ஒரே அளவுல ரெண்டு குண்டு வேணும்." குண்டு பாட்டிலுக்குள் இருக்கிறது, எடுக்க வேண்டுமென்றால் பாட்டிலை உடைக்கத்தான் வேண்டும், உடைத்தால் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை, ஒன்று மங்கல், ஒன்று ஓரத்தில் சப்பை, அப்பா பதினோரு பாட்டிலை உடைத்தாராம், மூன்றாவது பாட்டில் குண்டுக்கும் பதினோராவது பாட்டில் குண்டுக்கும் ஜோடி சேர்ந்ததாம். கம்பெனி போர்டு எழுதின மஞ்சள் பெயின்டில் மிச்சம் இருந்ததைக் குண்டின் பின்பக்கம் பூசி, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்து ஈரம் காயக் காயக் கொடுத்தனுப்பினாராம். "ஆவரங்குளத்துப் புலி ஊரையே மொறச்சுப் பாக்குல்லா, அது எவன் கண்ணால பாக்குன்னு நெனச்சீரு? இந்த ஆவுடையப்பன் கடைக் குண்டால பாக்கு." நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையைக் காட்டுவார், கண்ணாடி கிழித்த தழும்பு. ஆனால் சோடாக்கடைக்காரர் கையில் தழும்பு இருப்பது ஒரு சாட்சியா.

இரண்டாவது அறையில் கத்திகள், மூன்றாவதில் ராணி குளித்த பித்தளைத் தொட்டி, கயல் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறாள், மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மதினி செண்பகவல்லி, என் வீட்டுக்காரருக்கு அக்கா, கணக்கு டீச்சராக இருந்து ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டையர் ஆனவள். என்னை ஒரு நாள் ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை. அதுதான் சிக்கல், கடிந்து பேசினால் திருப்பிப் பேசலாம். பெண் பார்க்க வந்தபோது அப்பா எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று சொல்லிவிட்டார். கணக்கில் நான் இருபத்தொன்பது மார்க். கல்யாணமாகி ரெண்டு மாதத்தில் பெட்டிக்கடியில் கிடந்த மார்க் புத்தகத்தை மதினி பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, திரும்ப அதே இடத்தில் துணிக்கடியில் வைத்தாள், அன்றையிலிருந்து கடைச் சிட்டையை என்னிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னதில்லை. நானும் அப்பா அளந்துவிட்ட ஒரு பொய்தான் இந்த வீட்டில். மந்திரி ஒருத்தர் காரை நிறுத்தி எங்கள் கடையில் பன்னீர் சோடா குடித்தார் என்பார், விசாரித்தால் அது மந்திரியின் டிரைவர். திருச்செந்தூர்க் கடலில் மூன்று மைல் நீந்தினேன் என்பார், அவருக்குக் குளத்தில் இறங்கவே பயம் என்று அம்மா சொல்வாள். இத்தனை அளந்துவிடுகிற மனிதர் புலி விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரனாக இருப்பார் என்று எந்த முகத்தோடு நான் சொல்ல.

கல்யாணப் பந்தியில்தான் அது நடந்தது. அப்பா சம்பந்தி வரிசையில் உட்கார்ந்து புலியை எடுத்துவிட்டார், ஒரே கலகலப்பு, பாயசம் வருகிறது, என் வீட்டுக்காரர், அப்போது இருபத்தெட்டு வயசு, மாலை கழுத்தில், மெதுவாக, மரியாதையாக, "மாமா, புலிக்கண்ணு குறுக்க முப்பது மில்லிமீட்டர் இருக்குமே. சோடாக் குண்டு பதினேழுதான். உள்ள கெடந்து உருளாதா?" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக, பாயசம் மட்டும் அப்படியே இலையில் ஆறிக்கிடந்தது. நான் பக்கத்தில் புது மணப்பெண், தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கழுத்தில் தாலி ஏறி மூன்று மணி நேரம், அதற்குள் யார் பக்கம் என்று தெரியாமல் போய்விட்டது. அப்புறம் ஒரு தடவை திருவனந்தபுரம் போனபோது அங்கே பாடம் செய்த புலி ஒன்றைப் பார்த்து இவர் கணக்கெடுத்துக்கொண்டு வந்தார், டைரியில் எழுதியே காட்டினார், முப்பது மில்லி, முன்னே பின்னே ஒரு மில்லி. பதினேழுக்கும் முப்பதுக்கும் நடுவே பதின்மூன்று மில்லி, இத்தனைக்கும் ஒரு விரல் அகலம்கூட இல்லை, முப்பத்தொன்பது வருசமாக அந்த இடுக்கில்தான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

நாலு, ஐந்து. வெள்ளித் தொட்டில், பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடியில் நாங்கள் ஐந்து பேரும் தெரிகிறோம், இவர் முன்னால், நான் கடைசியில், அறுபத்திரண்டு வயதுக்கு முகம் பரவாயில்லை, பயந்த முகம்தான், அது பிறந்ததிலிருந்தே அப்படி. திரும்பிப் போக வழி கிடையாது என்று சொன்னாரே அந்தப் பெரியவர். தலை சுற்றுகிறது என்று இங்கேயே உட்கார்ந்துவிடலாமா. உட்கார்ந்தால் மாப்பிள்ளை சோடா வாங்க ஓடுவார், அதற்கு வேறு இவர் ஏதாவது சொல்வார். உண்மையில் எனக்கு இவர்கள் சிரிப்பதைப் பற்றிப் பயமில்லை, சிரித்துச் சிரித்து அது பழகிப்போன கதவு மாதிரி தானாகத் திறந்து மூடுகிறது. பயம் வேறு. அப்பா தொண்ணூற்றொன்பதில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கயலுக்கு ரெண்டு வயசு, என் இடுப்பில் இருக்கிறாள், அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "எல்லாவனும் சிரிக்கட்டும் தாயி. அந்தக் குண்டு விசயத்த நீயாவது நம்புதியா?" நம்புதேன்ப்பா என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கவே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார், முகம் லேசாகிவிட்டது. நான் நம்பவில்லை. அன்றைக்கு அந்த ரூமில் பொய் சொன்னது நான்தான், அவர் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, சாமியிடம்கூட நேராகச் சொன்னதில்லை. அந்த எட்டாவது அறையில் வேறு கண் இருந்துவிட்டால் என் பொய் சரியான பொய்யாகிவிடும், அவர் கண் இருந்துவிட்டால் நான் பாவி, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் பாவியாக இருந்துவிட்டுப் போகிறேன், அப்பா ஜெயிக்கட்டும். ஆறாவது அறையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

ஏழில் துப்பாக்கிகள், அதைத் தாண்டி ஒரு வளைவு, வளைவுக்கு அப்பால் புலி. பெரிய புலி. நான் இவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. மரப்பலகை மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சுற்றிச் சிவப்புக் கயிறு, ஒரு காதில் பூச்சி அரித்திருக்கிறது, பாச்சை உருண்டை வாசம். சுகிர்தா குரலை ஏற்றினாள், "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, பிப்ரவரித் திங்கள், ஒன்பதடி இரண்டு அங்குலம். அனைவரும் இதன் கண்களைக் கவனியுங்கள். ராஜா குறிபார்த்த அந்த நொடியில் புலி சினத்தால் கண்களைச் சுருக்கியது. அந்தச் சீற்றத்தை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். கண்கள் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டவை." இங்கிலாந்து. முடிந்தது. என் வீட்டுக்காரர் சட்டைப்பை டேப்பை லேசாகத் தட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மதினி என் முழங்கையை மெதுவாக அழுத்தினாள், "விடு உலகம்மா, அந்தக் காலத்து மனுசங்க, ஒரு சந்தோசத்துக்குச் சொல்லுததுதான," என்றாள், அந்த மார்க் புத்தகத்தைத் துணிக்கடியில் திரும்ப வைத்த அதே கை, அதே மெதுவு, இதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, காட்டிக்கொள்ளக்கூடாது, எங்கேயாவது பார்க்க வேண்டும், புலியைப் பார்த்தேன்.

புலி என்னைப் பார்த்தது. சினமாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிற என் வீட்டுக்காரர் முகம் அது. கோபத்தில் யாராவது கண்ணை இப்படிச் சுருக்குவார்களா, கோபம் வந்தால் கண் விரியும், முழி பிதுங்கும், நான் எத்தனை கோபம் பார்த்திருக்கிறேன், எங்கள் தெருப் பூனைகூட நாயைப் பார்த்தால் முழியைத் தட்டு மாதிரி விரித்துக்கொண்டுதான் சீறும். இந்தப் புலி எதற்கு இடுக்கிக்கொண்டு பார்க்கிறது. இமை அந்த அளவுக்கு உள்ளே போயிருக்கிறது, ஓரத்தில் தோல் சுருக்கம், ரோமம் கொஞ்சம் உதிர்ந்த இடத்தில் கோடு கோடாக, கிட்டே போனேன், கயிறு வயிற்றில் இடித்தது, கோடு இல்லை, தையல். காஜா. அய்யோ, அது காஜாத் தையல். சட்டைக்குப் பொருத்தமான பொத்தான் கிடைக்காமல் சின்னப் பொத்தானை வைத்தால் என்ன செய்வோம், பொத்தான் வழுக்கி வெளியே வந்துவிடும், அதனால் காஜாவை ரெண்டு பக்கமும் இழுத்துத் தைத்துச் சின்னதாக்குவோம், முப்பத்தொன்பது வருசமாக இந்த மனிதர் சட்டைக்கு நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். குழி முப்பது மில்லி, வைத்தது முப்பது மில்லிக் கண்ணாக இருந்தால் தோலை எதற்காக இழுக்க வேண்டும், எதற்காகத் தைக்க வேண்டும், உள்ளே கிடந்து உருளுமே, உருளாதா மாமா, உருளும், அதனால்தான் தைத்திருக்கிறான், அந்த மலையாளத்து ஆள் நாலு நாளில் வேறு வழியில்லாமல் இமையை இழுத்து இழுத்துத் தைத்திருக்கிறான். இங்கிலாந்துக்காரன் சின்னக் கண்ணை அனுப்புவானா. வாயைத் திறக்க வேண்டும், திறந்து தப்பாகப் போய்விட்டால், போகட்டும், இருபத்தொன்பது மார்க்குக்காரிக்கு இனிமேல் குறைய என்ன இருக்கிறது. "ஏம்மா," என்றேன், என் குரலா அது, கூடம் முழுக்கக் கேட்டது, "அந்தக் கண்ண யாராவது அளந்து பாத்திருக்காவளா?"

சுகிர்தா மனப்பாடம் அறுந்து முழித்தாள். "ஏ உலகு, சும்ம இரி," என்றார் இவர். "இருக்க மாட்டேன்," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை நான் சொன்னதில்லை, இவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன். "முப்பது மில்லின்னு சொன்னீயல்லா? உங்க டேப்ப எடுங்க." கயிற்றைத் தாண்டக்கூடாது என்றாள் சுகிர்தா. மாப்பிள்ளை உடனே, "நீங்க தாண்டலாமுங்களே? டேப்பை நீங்களே வெச்சுப் பாருங்க, நாங்க தொடலீங்க," என்றார், என் மருமகனைப் பெற்ற வயிறு நன்றாக இருக்க வேண்டும். சுகிர்தா வளைவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள், அடுத்த கூட்டம் இன்னும் வரவில்லை. அப்புறம் செந்தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, "செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நாந்தான் இதுக்குத் தூசி தட்டுதேன், தொட்டா ஒண்ணும் ஆவாது," என்று சொல்லி உள்ளே போய் டேப்பை வைத்தாள். எல்லாரும் கழுத்தை நீட்டினோம். "பதினேழு," என்றாள். என் வீட்டுக்காரர், "இமைய ஒதுக்கிட்டு விளிம்புலருந்து வைம்மா, கோணலா வச்சிருக்க," என்றார். திரும்ப வைத்தாள். பதினேழு. "மத்த கண்ணு?" பதினேழு. "மேல இருந்து கீழ?" பதினேழு. அவர் கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவை எடுத்தது, எழுத ஒன்றும் இல்லாமல் திரும்ப வைத்தது. சுகிர்தா புலியின் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டே, "சார், இன்னொண்ணு இருக்கு. இந்த எடது கண்ணுல மஞ்ச பெயின்டு உரிஞ்சிருக்கு. நான் என்னமோ பாசி புடிச்சிருக்குன்னுல்லா நெனச்சேன்," என்றாள். கயல் போன் லைட்டைப் போட்டு, அந்த இடது கண்ணுக்கு நேராகக் காட்டினாள். புலியின் கண்ணுக்குள் பச்சை பற்றிக்கொண்டது. எந்தப் பச்சை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பச்சையில்தான் நான் தவழ்ந்தேன், அந்தப் பச்சையில்தான் அம்மா எனக்குச் சடை பின்னினாள், அப்பா முகம் அந்தப் பச்சையில்தான் இருந்தது, இதோ இருக்கிறது, இத்தனை வருசமாகப் பூட்டின அரண்மனைக்குள் இருட்டில் நின்றுகொண்டு என் வரவுக்காக முழித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா, நான் உங்களிடம் பொய்தான் சொன்னேன், இப்போது நிஜமாகச் சொல்கிறேன், நம்புகிறேன். நான் அழுதேன், சத்தம் போட்டே அழுதேன், வெட்கமாகவே இல்லை.

என் வீட்டுக்காரர் டேப்பைக் கையில் வாங்கிச் சுருட்டினார், சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார். அவருக்குத் தப்பான அளவு என்றால் தாங்காது, ஒரு தடவை அரை அடி பிசகினதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை, இப்போது பிசகினது அளவு இல்லை, அதை வைத்து அவர் போட்ட முடிவு. "அளவு ரெண்டும் சரியாத்தான் இருந்திருக்கு," என்றார், "நாந்தான் நடுவுல தையல் போட ஒரு ஆளு இருப்பான்னு நெனைக்கல." அவ்வளவுதான் சொன்னார், அவர் வாயிலிருந்து அது பெரிய பேச்சு. மதினி அப்படி விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கயல், மாப்பிள்ளை, சுகிர்தா எல்லாரும் கேட்க, "உலகம்மா, நான் கணக்கு டீச்சரு. ஒரு கணக்கத் தப்பாப் போட்டு முப்பத்தொம்பது வருசம் அதுக்கு மார்க்கும் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். உங்க அப்பா இருந்தா அவுக கால்ல விழுந்திருப்பேன். நீ மன்னிச்சிரு," என்றாள். இதைக் கேட்டால் மனசு இளகி, அய்யோ அதெல்லாம் எதுக்கு மதினி என்று நான் சொல்லுவேன் என்றுதான் நானே எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "சரி மதினி," என்றேன். மன்னிப்பை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டேன், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். எவ்வளவு ருசியாக இருக்கிறது, இவ்வளவு நாள் இதை ருசிக்காமலே இருந்திருக்கிறேனே.

அதற்குள் அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டது, விருதுநகர்ப் பக்கமிருந்து கல்யாணத்துக்கு வந்த பஸ், இருபது முப்பது பேர், பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக அறை நிறைந்தது. சுகிர்தா அவர்களைப் பார்த்து வாயைத் திறந்தாள், சீற்றம், இங்கிலாந்து என்று ஆரம்பிக்க அவளால் முடியவில்லை, என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்களே சொல்லுங்களேன்." நானா. இத்தனை பேருக்கு முன்னாலா. ரேஷன் கடையில் சக்கரை குறைவாகப் போட்டால்கூட வாய் திறக்காதவள் நான். வாய் திறந்துகொண்டது. "இந்தப் புலி பாக்குத கண்ணு எங்க அப்பா சோடாக்கடைக் குண்டு," என்றேன், கூட்டம் கப்பென்று அடங்கியது, ஒரு கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். ஜீப் வந்தது, காரியஸ்தர் இறங்கினார், பாட்டில் உடைந்தது, எனக்கே தெரியாமல் என் கை உயர்கிறது, உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறேன், என் உள்ளங்கையில் தழும்பே கிடையாது, ஆனாலும் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள், பார்க்கிறார்களே, பார்க்கட்டும், அப்பா எதற்காகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது, இது சோடா குடித்த மாதிரி மூக்கில் ஏறுகிறது. "ஒடச்ச பாட்டிலெல்லாம் வாளியில கெடக்கு," என்றேன், "ஒண்ணு போல ஒண்ணு இல்ல. எங்க அப்பா தலையில கைய வச்சிட்டாவ. அப்ப நாந்தான் வாளிக்குள்ள கைய விட்டு, இந்தாங்கப்பா ஜோடின்னு ரெண்டு குண்ட எடுத்துக் குடுத்தேன்."

எங்கிருந்து வந்தது இது. சத்தியமாக எனக்குத் தெரியாது. மதினி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கயல் வாயில் கையை வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் பச்சைப்பட்டு கட்டிய அம்மாள் ஒருத்தி ஆச்சரியம் தாங்காமல், "நீங்களாம்மா? அப்ப ஒங்களுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள். "அஞ்சு," என்றேன், கூசாமல். புலியின் காலடியில் வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. நான் பிறந்தது அறுபத்திரண்டில். என் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றிலும் அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தது அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரர். அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, கழித்துப் பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டது, அளவு பிசகினால் தாங்காதவர், இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிடப் போகிறார், சொன்னால் சொல்லட்டும் என்று நான் நிமிர்ந்து நின்று அவர் கண்ணையே பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார், தாலுகா ஆபீஸில் எல்லைக் கல்லு எங்கே என்று சொல்லும் அதே குரலில், பச்சைப்பட்டு அம்மாளைப் பார்த்து, "அஞ்சு இல்லம்மா. அஞ்சே முக்கால்," என்றார்.